நர்சிங் ஹோமில் போட்ட கையெழுத்து: ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் குறுக்கே நின்றால் என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்துப் பதினைந்து படுக்கையோடு ஒரு டாக்டர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு அர்த்தமே வேறு. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் சில வாரமோ கடைசிவரையோ தங்கும் பராமரிப்பு இல்லம் அது. அப்பா அம்மாவைக் கூடவே வைத்திருக்கும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் சிலருக்கும் இப்போது அந்த வாசற்படி ஏறவேண்டி வருகிறது.

ஏறும் நாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம். ஆஸ்பத்திரி "இன்றைக்கே டிஸ்சார்ஜ்" என்று சொல்லிவிட்டது, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, அம்மா வலி மாத்திரையின் மயக்கத்தில் பாதித் தூக்கத்தில் இருக்கிறார். அட்மிஷன் அலுவலர் ஒரு டேப்லெட்டை நீட்டி, "இங்கே ஒன்று, இங்கே ஒன்று, எல்லாம் வழக்கமான பேப்பர்தான்" என்கிறார். மருந்துப் பட்டியல், கட்டண விவரம், துணி துவைக்கச் சம்மதம் என்று வரிசையாக வரும் பக்கங்களுக்கு நடுவே ஒரு பக்கம் மட்டும் வேறு சங்கதி பேசும்: பின்னால் என்ன தகராறு வந்தாலும் நீதிமன்றம் கிடையாது, ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) கிடையாது, ஒரு தனியார் நடுவரிடம்தான் போகவேண்டும். அதுதான் ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம்.

ஆறு மாதம் கழித்து அம்மாவுக்கு எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப் புண். வக்கீலைப் பிடித்து வழக்குப் போடுகிறீர்கள். இல்லத்தின் வக்கீல் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த ஒரு பக்கத்தை இணைத்து, "இதை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்புங்கள்" என்று மனுப் போடுவார். அங்கிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது, ஆனால் கையெழுத்திட்ட முதல் 30 நாளையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் சுலபமாக ஜெயிக்க முடிகிற காலம் அதுதான். (நான் சொல்வது பொதுவான வரைபடம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், உங்கள் வழக்குக்கு அந்த மாநில வக்கீல் வேண்டும். இந்த வகை வழக்குகளைப் பெரும்பாலும் ஜெயித்தால் வரும் தொகையில் பங்கு என்ற முறையில்தான் எடுப்பார்கள், அதனால் கையில் காசில்லை என்று தயங்கவேண்டாம்.)

எதை வாதாடினால் நிற்காது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"வயதானவர்களிடம் இப்படிக் கையெழுத்து வாங்குவதே அநியாயம், இது செல்லாது" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வாதம். நியாயமான வாதம்தான், ஆனால் நிற்காது. 1925-இல் வந்த மத்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லும் என்கிறது. எந்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்யப் பயன்படும் பொதுவான காரணங்கள் இருந்தால் மட்டுமே விலக்கு. மேற்கு வர்ஜீனியாவின் உயர்ந்த நீதிமன்றம், காயம், சாவு தொடர்பான நர்சிங் ஹோம் வழக்குகளில் முன்கூட்டியே எழுதி வாங்கும் ஒப்பந்தம் பொது நலனுக்கு விரோதம் என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளியது. 2012-இல் மார்மெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நியூஜெர்சியில் நர்சிங் ஹோம்வாசியின் வழக்குப் போடும் உரிமையைப் பறிக்கும் ஷரத்து செல்லாது என்று மாநிலச் சட்டமே இருந்தது. அதையும் 2010-இல் ருஸாலா வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், மத்தியச் சட்டத்தின் முன் நிற்காது என்று சொல்லிவிட்டது.

ஆக, ஆர்பிட்ரேஷன் என்ற முறையைத் திட்டிப் பயனில்லை. சண்டை முழுக்கக் கையெழுத்தைப் பற்றியது. யாருடைய கை, யார் கொடுத்த அதிகாரம், எந்த மனநிலை, எந்தத் தாள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த நான்கு கேள்விகளைச் சுற்றித்தான்.

படி 1: இன்னும் 30 நாள் ஆகவில்லையா? இப்போதே எழுதிக் கொடுத்து விலகுங்கள்

மெடிகேர், மெடிகெய்டு (முதியோருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு தரும் மருத்துவக் காப்பீடுகள்) பணம் வாங்கும் நர்சிங் ஹோம்களுக்கான மத்திய விதி (மத்திய விதித் தொகுப்பில் 42 சிஎஃப்ஆர் 483.70) 2019 செப்டம்பர் 16 முதல் அமலில் இருக்கிறது. 2016-இல் அரசு இதைவிடக் கடுமையாக, முன்கூட்டியே எழுதி வாங்குவதையே தடை செய்து ஒரு விதி போட்டது. இல்லங்களின் சங்கம் மிசிசிப்பியில் உள்ள மத்திய நீதிமன்றத்துக்குப் போய் அது அமலாகும் முன்பே தடை வாங்கிவிட்டது. மிஞ்சியது 2019 விதி. அதையும் எதிர்த்துப் பார்த்தார்கள், 2021-இல் எட்டாவது சர்க்கியூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி சரிதான் என்றது.

அந்த விதிப்படி, கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்போம், போட்டால்தான் தொடர்ந்து கவனிப்போம் என்று சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுதவும் வேண்டும். அங்கே தங்குபவருக்கும் அவர் பிரதிநிதிக்கும் புரியும் மொழியில் விளக்கவேண்டும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், ஆங்கிலத் தாளை நீட்டி "புரிகிறதா?" என்று தலையாட்ட வைப்பது விளக்கம் ஆகாது. நடுவரும் இடமும் இரு தரப்புக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள், சனி ஞாயிறையும் சேர்த்து எண்ணி, விலகிக்கொள்ளும் உரிமை உண்டு.

எப்படி விலகுவது? ஒரு பக்கக் கடிதம் போதும். தங்குபவரின் பெயர், கையெழுத்திட்ட தேதி, "இந்த ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்" என்ற வரி, இன்றைய தேதி, கையெழுத்து. காரணம் எழுதவேண்டிய அவசியம் இல்லை. ஒப்பந்தத்தில் எந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறதோ அங்கே ரசீதோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அட்மிஷன் அலுவலரிடமும் ஒரு பிரதி கொடுத்து, உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த விதி நர்சிங் ஹோமுக்கு மட்டும்தான். அசிஸ்டட் லிவிங் என்ற பெயரில் நடக்கும் முதியோர் குடியிருப்புகளுக்கு இது பொருந்தாது, அங்கே மாநிலச் சட்டம் மட்டுமே துணை. இன்னொன்று, விதியை மீறினால் இல்லத்துக்கு அபராதம் வரலாம், ஆனால் மீறியதாலேயே ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. அந்த மீறலை நீதிமன்றத்தில் வேறு வாதங்களுக்கு ஆதாரமாக வைக்கவேண்டும், அது படி 5-இல்.

படி 2: தாள்களைக் கைப்பற்றுங்கள்

30 நாள் தாண்டிவிட்டதா, சரி. வழக்கு வாதமெல்லாம் அப்புறம், முதலில் தாள்கள். தங்குபவரோ அவருடைய சட்டப்படியான பிரதிநிதியோ கேட்டால், 24 மணி நேரத்துக்குள் (வார இறுதி, விடுமுறை சேராமல்) பதிவேடுகளைப் பார்க்க விடவேண்டும், இரண்டு வேலை நாளுக்குள் பிரதி தரவேண்டும் என்பது மத்திய விதி. எழுதிக் கேளுங்கள். கேட்கவேண்டியவை: அட்மிஷன் ஒப்பந்தம் முழுவதும், ஆர்பிட்ரேஷன் தாள் தனியாக இருந்தால் அதுவும், சேர்ந்த முதல் இரண்டு வார நர்ஸ் குறிப்புகள், எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்ற மருந்துப் பதிவேடு, எம்டிஎஸ் என்று அவர்கள் சொல்லும் மதிப்பீட்டுப் படிவம். ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தனியாக அங்கேயே வாங்குங்கள்.

டேப்லெட்டில் கையெழுத்து வாங்கியிருந்தால், எந்தப் பக்கம் எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, எப்போது கையெழுத்தானது என்ற மின்னணுப் பதிவு அந்த மென்பொருளில் இருக்கும். உங்கள் வக்கீல் அதைக் கேட்டு வாங்கவேண்டும். "ஒவ்வொரு பத்தியாக விளக்கினேன்" என்று அட்மிஷன் அலுவலர் சத்தியம் செய்யும்போது, முழுக் கட்டும் சில நிமிடத்தில் முடிந்திருப்பதை அந்தப் பதிவு காட்டினால் அதைவிட நல்ல குறுக்கு விசாரணை கிடையாது.

படி 3: கை யாருடையது? (நேரம் முழுவதையும் இங்கே செலவழிக்கலாம்)

தங்குபவர் தானே கையெழுத்திடாமல் மகளோ மகனோ இட்டிருந்தால் உங்கள் பக்கம் பலமாகிறது. மகள் என்பதால், மனைவி என்பதால் மட்டும் ஒருவருடைய நீதிமன்ற உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் வந்துவிடாது. நம் குடும்பங்களில் அப்பாவுக்குப் பதில் பையன் கையெழுத்துப் போடுவது சாதாரண விஷயம், சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. "பார்த்தால் அதிகாரம் உள்ளவர் போல் இருந்தார்" என்று இல்லம் சொல்லும். அந்தத் தோற்றத்தை உண்டாக்கியது தங்குபவரின் சொல்லோ செயலோ என்று அவர்கள் காட்டவேண்டும், மகள் தானே சொல்லிக்கொண்டது போதாது.

பவர் பத்திரம் இருந்தால் கதை மாறும், இங்கேதான் பத்திரத்தை வரி வரியாகப் படிக்கவேண்டும். பவர் இரண்டு வகை: சொத்து, பணம், வழக்கு விவகாரங்களுக்கு ஒன்று, மருத்துவ முடிவுகளுக்கு ஒன்று.

கென்டக்கியில் நடந்த கின்ட்ரெட் எதிர் கிளார்க் வழக்கைப் பாருங்கள். ஒரே இல்லத்தில் இருந்த இரண்டு பேர், இருவர் சார்பிலும் பவர் வைத்திருந்த உறவினர்கள் கையெழுத்திட்டார்கள். ஜூரி உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் செல்லும் என்றது கென்டக்கி உச்ச நீதிமன்றம். ஆர்பிட்ரேஷனுக்கு மட்டும் அப்படித் தனி விதி போடக்கூடாது என்று 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. நீதிபதி கேகன் எழுதிய தீர்ப்பு, 7-க்கு 1. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. ஒரு பத்திரத்தின் வாசகம் மிக விரிவானது, அதனால் அந்தக் குடும்பம் ஆர்பிட்ரேஷனுக்குத்தான் போகவேண்டியிருந்தது. இன்னொன்று திரும்பவும் கென்டக்கிக்குப் போனது, அங்கே அதே ஆண்டு, அந்தப் பத்திரத்தின் சொற்களை எப்படி நீட்டினாலும் இந்தக் கையெழுத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்திரத்தில் நாலு வார்த்தை வித்தியாசம், அவ்வளவுதான்.

மருத்துவப் பவர் மட்டும் வைத்திருந்தவர் கையெழுத்திட்டிருந்தால், 2024 மார்ச்சில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஹாரட் வழக்கில் சொன்னது உங்களுக்குத் தங்கம். அதில் ஒரு மருமகன் தன் மாமாவுக்காக இரண்டு தாளில் கையெழுத்திட்டார், ஒன்று அட்மிஷன், இன்னொன்று ஆர்பிட்ரேஷன். சேர்ப்பதற்கு இரண்டாவது தாள் அவசியமே இல்லை, அது தகராறை எங்கே தீர்ப்பது என்பதைப் பற்றியது, அதனால் அது மருத்துவ முடிவு ஆகாது, மருத்துவப் பவரில் அதற்கு அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு: "இது கட்டாயம் இல்லை, விருப்பம்தான்" என்று இல்லங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதும் அதே வரிதான் இங்கே அவர்கள் காலை வாருகிறது. எல்லா மாநிலமும் இப்படிப் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

"பொறுப்பாளர்" என்ற கட்டத்தில் மகன் கையெழுத்திட்டிருந்தால் பதறவேண்டாம். சேர்ப்பதற்கு நிபந்தனையாக மூன்றாம் நபரிடம் கட்டண உத்தரவாதம் கேட்பதையே மத்திய விதி தடை செய்கிறது, அந்தக் கட்டத்தை வைத்து அவருக்கு அம்மாவின் வழக்குரிமை மீது அதிகாரம் வந்ததாகச் சொல்வதும் சுலபம் இல்லை.

படி 4: கை அவருடையதே, மனம் இருந்ததா?

தங்குபவரே கையெழுத்திட்டிருந்தால், அந்த நிமிடத்தில் புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தாரா என்பது கேள்வி. சட்டம் எல்லோரையும் புத்தித் தெளிவுள்ளவர் என்றே முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது உங்கள் வேலை. மறதி நோய் என்று டாக்டர் எழுதியிருப்பது மட்டும் பெரும்பாலும் போதாது, "அன்றைக்குத் தெளிவாகத்தான் பேசினார்" என்பார்கள்.

இங்கேதான் இல்லமே எழுதி வைத்த தாள் உதவும். எம்டிஎஸ் மதிப்பீட்டில் பிம்ஸ் என்றொரு சின்னப் பரீட்சை இருக்கிறது. "சாக்ஸ், நீலம், படுக்கை" என்று மூன்று வார்த்தை சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வார்கள், இது எந்த வருஷம், எந்த மாசம், என்ன கிழமை என்று கேட்பார்கள், கடைசியில் அந்த மூன்று வார்த்தையை மறுபடி கேட்பார்கள். மொத்தம் 15 மதிப்பெண். 13 முதல் 15 வரை தெளிவு, 8 முதல் 12 நடுத்தரப் பாதிப்பு, 7-உம் அதற்குக் கீழும் கடுமையான பாதிப்பு. திங்கட்கிழமை கிழமை தெரியாமல் 5 வாங்கியவர், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜூரி உரிமையை யோசித்து விட்டுக்கொடுத்தார் என்று அதே இல்லம் சொல்வது கேட்க நன்றாக இருக்காது. மதிப்பெண் ஒன்றே வழக்கை ஜெயித்துத் தராது, அன்றைய நர்ஸ் குறிப்பில் "குழப்பமாக இருக்கிறார்" என்ற வரி, கையெழுத்துக்குச் சற்று முன் கொடுத்த வலி மருந்து, அன்று அருகில் இருந்த உறவினரின் பிரமாண வாக்குமூலம் எல்லாம் சேரவேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பிம்ஸ் எடுத்திருந்தால் எதிர்த்தரப்பு அந்த மதிப்பெண்ணை உடைக்கும், ஆனால் அப்போது "ஆங்கிலத் தாளை மட்டும் எப்படி விளக்கினீர்கள்?" என்ற கேள்வி அவர்கள் பக்கம் திரும்பும்.

படி 5: தாளிலேயே ஓட்டை இருக்கிறதா?

கையெழுத்து சரியாகவே இருந்தாலும், ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை நீதிமன்றம் தள்ளலாம். இரண்டு பக்கம் பார்ப்பார்கள். வாங்கிய விதம்: அவசரம், சின்ன எழுத்து, போட்டால்தான் படுக்கை என்ற மிரட்டல், பிரதி தராதது. படி 1-இல் சொன்ன விதிமீறல்கள் இங்கேதான் வேலைக்கு வரும். அடுத்து உள்ளடக்கம்: நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு, சாட்சிகளை விசாரிக்கும் உரிமைக்குக் கத்தரி, நடுவரை இல்லமே நியமிப்பது, இல்லம் மட்டும் பாக்கிக் கட்டணத்துக்கு நீதிமன்றம் போகலாம் என்ற விலக்கு. ஒரு எச்சரிக்கை, நீதிமன்றம் மோசமான ஷரத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பிவிடலாம். ருஸாலா வழக்கில் அதுதான் நடந்தது.

நடுவர் அமைப்பின் பெயரையும் பாருங்கள். நேஷனல் ஆர்பிட்ரேஷன் ஃபோரம் என்று எழுதியிருந்தால், அது மின்னசோட்டா அரசு போட்ட வழக்குக்குப் பிறகு 2009-இலேயே நுகர்வோர் தகராறுகளை எடுப்பதை நிறுத்திவிட்டது. கடை மூடிய பிறகு அந்தக் கடைக்கே போகச் சொன்னால் எப்படி? பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2015-இல் வெர்ட் வழக்கில் அந்தக் காரணத்தாலேயே ஒப்பந்தத்தைச் செயல்படுத்த மறுத்தது. வேறு நீதிமன்றங்கள் மத்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 5-ஆம் பிரிவைக் காட்டி மாற்று நடுவரை நியமித்ததும் உண்டு.

பாலியல் வன்முறைப் புகார் என்றால் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். 2022 மார்ச் 3-ஆம் தேதி கையெழுத்தான மத்தியச் சட்டம், அத்தகைய தகராறில் முன்கூட்டியே போட்ட ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவைப் பாதிக்கப்பட்டவரிடமே விட்டிருக்கிறது.

படி 6: நீதிமன்றத்தில் நகர்வது

வழக்கை நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யுங்கள், காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். இல்லம் மனுப் போட்டதும் முதலில் தேடவேண்டியது, "இந்த ஒப்பந்தம் செல்லுமா என்பதையும் நடுவரே முடிவு செய்வார்" என்ற வரி இருக்கிறதா என்று. இருந்தால், 2010-இல் வந்த ரென்ட்-ஏ-சென்டர் தீர்ப்பின்படி அந்த வரியையே குறிவைத்துத் தனியாக எதிர்க்கவேண்டும், மொத்தமாக எதிர்த்தால் போதாது. ஆனால் கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் இருந்ததா, ஒப்பந்தம் உண்டானதா என்ற கேள்வி பொதுவாக நீதிமன்றத்துக்கே உரியது. அதில் உண்மைத் தகராறு இருந்தால் மத்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி ஜூரி விசாரணை கேட்கலாம், பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இல்லம் மாதக்கணக்கில் நீதிமன்றத்திலேயே வழக்காடிவிட்டு, தோற்கும் வாசனை வந்ததும் திடீரென்று ஆர்பிட்ரேஷன் என்று கிளம்பினால், 2022-இல் மார்கன் எதிர் சன்டான்ஸ் தீர்ப்பைக் காட்டுங்கள். உரிமையைக் கைவிட்டார்கள் என்று காட்டினால் போதும், அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்ததா என்று நிரூபிக்கத் தேவையில்லை. அது ஒரு ஊழியர் வழக்கு, ஆனாலும் மத்திய நீதிமன்றங்களில் இங்கேயும் பொருந்தும். மாநில நீதிமன்றம் என்றால் அந்த மாநிலம் என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும்.

பொறுமையும் வேண்டும். நீங்கள் ஜெயித்தால் இல்லம் உடனே அப்பீல் போகலாம், நீங்கள் தோற்று வழக்கு நிறுத்திவைக்கப்பட்டால் உங்களுக்குப் பொதுவாக அந்த வசதி இல்லை. சமமில்லைதான், சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

படி 7: அவர் இறந்துவிட்டால்

இரண்டு வழக்கு பிறக்கும். அவர் பட்ட வேதனைக்கு அவர் சார்பில் ஒன்று, அவரை இழந்ததற்குப் பிள்ளைகளின் சொந்த வழக்கு ஒன்று. முதல் வழக்கு அவருடைய கையெழுத்துக்குக் கட்டுப்படும். இரண்டாவதில் மாநிலங்கள் பிரிந்து நிற்கின்றன. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2012-இலும், பென்சில்வேனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இலும், பிள்ளைகள் கையெழுத்திடாததால் அவர்களை அது கட்டுப்படுத்தாது என்றன. ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் அதே 2013-இல் கட்டுப்படுத்தும் என்றது. ஒரே சாவுக்கு ஒரு பாதி நடுவரிடமும் மறு பாதி ஜூரியிடமும் போகிற விசித்திரமும் நடக்கும், பென்சில்வேனியாவில் நடக்கிறது.

படி 8: தோற்றாலும்

ஆர்பிட்ரேஷனுக்குப் போகவேண்டி வந்தால் நடுவர் தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள். இதே நிறுவனத்தின் வழக்குகளை முன்பு எத்தனை எடுத்தார், யாருக்குச் சாதகமாக முடிந்தது என்று எழுத்தில் கேளுங்கள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அப்பீல் செய்ய முடியாது, ஊழல், பாரபட்சம், அதிகார மீறல் போன்ற மிகச் சில காரணங்கள்தான் மத்தியச் சட்டத்தில் உண்டு, அதற்கும் மூன்று மாதம்தான் கெடு.

எந்த ஒப்பந்தமும் புகார் கொடுப்பதைத் தடுக்க முடியாது. அரசு ஆய்வாளரிடமோ ஆம்புட்ஸ்மனிடமோ (தங்குபவர்களின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க உதவுபவர்) பேசாதே என்று எழுதுவதையே 2019 விதி தடை செய்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் முதியோர் பராமரிப்புக்கென்று ஆம்புட்ஸ்மன் உண்டு, சேவை இலவசம், 1-800-677-1116 என்ற எண்ணில் கேட்டால் உங்கள் பகுதிக்கான தொடர்பைச் சொல்வார்கள். ஆய்வாளர் வந்து குறை கண்டால் படிவம் 2567-இல் எழுதுவார், அது பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணம். கடைசி ஆய்வு அறிக்கையை யாரும் கேட்காமலே எடுத்துப் படிக்கும்படி இல்லத்தில் வைத்திருக்கவேண்டும், பெரும்பாலும் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஃபைலில் இருக்கும். அடுத்த தடவை அம்மாவைப் பார்க்கப் போகும்போது அதை எடுத்துப் புரட்டி, படுக்கைப் புண் என்று வரும் பக்கங்களை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.